கையெழுத்துக்கு மட்டும் பெற்றோரா?

பேளுக்குறிச்சிச் சந்தையில் என் அக்கா மிளகு வாங்குவதைப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் வைத்து நசுக்கி, முகர்ந்து, ஒன்றைக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலையே பேசுவாள். அவள் ஒரு அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழு உறுப்பினரும்கூட. போன கூட்டத்தில் என்ன தீர்மானம் என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் தம்பி? நோட்டு வந்துச்சு, கையெழுத்துப் போட்டேன். அதுக்கே அரை நாள் கூலி போச்சு."

"இந்த சனங்களுக்கு அக்கறை இல்லை" என்று உடனே ஒரு குரல் வரும். சுத்தப் பேத்தல். ஐம்பது கிராம் மிளகில் ஏமாறாதவள், பிள்ளை படிப்பில் ஏமாறச் சம்மதிப்பாளா?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். 21ஆம் பிரிவின்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது, வந்த பணம் எங்கே போனது என்று கண்காணிப்பது அவர்கள் வேலை. 22ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: குழு போடும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசின் நிதி ஒதுக்கீட்டுக்கு அடிப்படை. 2022இல் தமிழ்நாடு முழுக்க 20 பேர் கொண்ட குழுக்களாக இவற்றை மாற்றியமைத்தார்கள். தலைவர் பெற்றோரில் ஒருவர். காகிதத்தில் இதைவிட நல்ல அமைப்பு கிடையாது.

ஆனால் கூட்டம் வேலைநாளில், பிற்பகலில். கூலிக்குப் போகும் அம்மாவுக்கு அது இலவசமில்லை. ஊராட்சி உறுப்பினருக்கு அமர்வுப்படி உண்டு. இவளுக்கு ஏன் இல்லை?

தீர்மானங்களைப் பதிய இப்போது செயலி இருக்கிறது. நான் மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் ஒரு டிக்கெட் போட்டால், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அவை காலியாக இருந்தால் அந்த டிக்கெட் செத்தது என்று அர்த்தம். கழிவறைக்குத் தண்ணீர் வேண்டும் என்று இருபது பேர் கையெழுத்திட்ட தீர்மானத்துக்கு, இத்தனை நாளில் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைச் சட்டத்தின் அந்தப் பிரிவுகள் யார்மீதும் வைக்கவில்லை. கேட்கிற உரிமை மட்டும் கொடுத்து, பதில் சொல்கிற கடமையை விட்டுவிட்டார்கள்.

கேட்பது மூன்றுதான். கூட்ட நேரத்தைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். கையெழுத்துக்கு முன் தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். அதிகாரி குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தரட்டும், முடியாது என்றாலும் சரி.

அதன் பிறகும் அக்கா வாயைத் திறக்கவில்லை என்றால், அக்கறை இல்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.