பழைய பாய்க்கலமும் ஒரு சுத்தியலும்

சென்ற திங்கள் இப்பகுதியில், பழைய வீடு வாங்குவோர் பார்க்கவேண்டிய பத்திரங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த நம் சங்கத்து அன்பர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பல்களில் எஞ்சின் பகுதியில் உழைத்து ஓய்வு பெற்றவர், அண்ணாச்சி என்றே அவரை அழைப்பேன். “தம்பி, வீட்டுக்கு எழுதினீர்கள், படகுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்” என்றார்.

டோம்பிவிலியில் உள்ள வீட்டை விற்றுவிட்டு, துணைவியாருடன் ஒரு பாய்க்கலத்திலேயே குடியிருந்து, கொங்கணக் கரையோரமாகக் கோவா வரை சென்று வருவது அவருடைய நெடுநாளைய ஆசை. கலமும் பார்த்து வைத்திருந்தார். 31 அடி நீளம். 1976-இல் இங்கிலாந்தில் கண்ணாடியிழையால் செய்யப்பட்டது. கேட்ட விலை 14 இலட்சம் ரூபாய்.

கடலைப் பற்றி நான் அறிந்தது சொற்பம். இரயில்வே குமாஸ்தாவுக்குக் காகிதம் பார்க்கத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்த கலமாகையால், இறக்குமதித் தீர்வை செலுத்திய சான்று உண்டா என்று முதலில் கேட்டேன். இருந்தது. அதைக் கண்ணால் காணாமல் எவரும் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம்.

அடுத்த ஞாயிறன்று, கலங்களை மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரைக் கூலி பேசி அழைத்துச் சென்றோம். கலத்தைக் கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். மதிப்பீட்டாளர் பையிலிருந்து முதலில் எடுத்தது ஒரு சிறு சுத்தியல்! எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டி நின்றதும் சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டு போகும் ஊழியரை நேயர்கள் கண்டிருப்பீர்கள். கணீரென்று ஒலித்தால் நலம்; மந்தமாக ஒலித்தால் விரிசலோ என்று ஐயம். இங்கும் அதே வித்தைதான்.

நீர்மட்டத்திற்குக் கீழே பொரிபொரியாகக் கொப்புளங்கள் தெரிந்தன. அண்ணாச்சியின் முகம் வாடியது. மதிப்பீட்டாளரோ அதைப் பெரிதாக எண்ணவில்லை. பல்லாண்டு நீரில் கிடந்த கண்ணாடியிழையில் ஈரம் ஊறுவதால் வருவது அது. சுரண்டி, நன்றாக உலர்த்தி, மேற்பூச்சுப் பூசினால் பெரும்பாலும் தீரும் என்றார். ஏராவைப் பிணைக்கும் திருகாணிகளும் குறைவின்றி இருந்தன. எஞ்சினை அண்ணாச்சியே பார்த்துக்கொண்டார்; எண்ணெயில் நீர் கலந்த வெண்மை இல்லை என்று மகிழ்ந்தார்.

மேல்தளத்திற்கு ஏறியதும் ஒலி மாறியது. அக்காலத்துக் கலங்கள் பலவற்றில் தளம் ஒரே கட்டையன்று. மேலும் கீழும் கண்ணாடியிழைத் தகடு, நடுவே பால்சா என்னும் இலேசான மரம். தளத்தில் இறங்கும் ஒவ்வொரு திருகாணித் துளையும் நீருக்கு ஒரு வாயில். அடைத்த பசை காய்ந்து வெடித்ததும் மழைநீர் கசிந்து, உள்ளிருக்கும் மரம் உளுத்துப்போகும். மேலே வண்ணம் மட்டும் புதுமணப்பெண் போல் மினுங்கும். இக்கலத்தில் பாய்மரத்தின் அடியிலும், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பிணைக்கப்பட்ட இடங்களிலும் சுத்தியல் பொத்தென்று விழுந்தது. கால் வைத்தால் தளம் சற்றே அமிழ்ந்தது.

அக்கம்பிகளைக் கலத்தோடு பிணைக்கும் எஃகுத் தகடுகளே மேலும் கவலையளித்தன. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர். ஆனால் காற்றுப் படாமல் ஈரத்தில் அடைபட்டுக் கிடந்தால் அதுவும் அரிக்கப்படும். கண்ணுக்குத் தெரியும் பாகம் பளபளக்க, தளத்துக்குள் மறைந்த ஓரங்குலத்தில் வெடிப்பு இருக்கும். அது காற்றில் அறுந்தால் பாய்மரமே சாயும். கம்பிகளைப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கமாம். இதில் மாற்றியதற்கு ஒரு பற்றுச்சீட்டும் இல்லை.

இவ்விடத்தில் சுஹெய்லியை நினைத்துக்கொண்டேன். இதே மும்பையில் தேக்கினால் கட்டப்பட்ட 32 அடிக் கலம் அது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதில் தனியாக, 1968 ஜூன் முதல் 1969 ஏப்ரல் வரை 312 நாட்கள், எங்கும் நில்லாமல் உலகைச் சுற்றினார். அட்லாண்டிக் கடலில் ஏராவை ஒட்டி நீர் கசிந்தபோது, மூழ்கிச் சென்று பஞ்சு திணித்துச் செப்புத் தகடு அடித்தார். மரக்கலத்தின் ஒழுக்கு தன்னைக் காட்டிக்கொள்ளும். உளுத்த தளமோ வாங்கியவன் பணம் கொடுத்த பிறகே வாய் திறக்கும்.

மதினியும் உடன் வந்திருந்தார். அடுப்பையும் அலமாரிகளையும் பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு கொள்ளும் என்றார். 180 லிட்டர். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். இங்கே இருவர் ஒரு வாரத்தை ஓட்டவேண்டும். அதற்கும் அவர் அஞ்சவில்லை. இறங்கும்போது, “ஆனியில் மழை பிடித்தால் இது எங்கே நிற்கும்?” என்று கேட்டார்.

மதிப்பீட்டாளர் உள்ளதைச் சொன்னார். ஜூன் முதல் செப்டம்பர் வரை இக்கரையில் சிறு பாய்க்கலங்களுக்கு வேலையில்லை. கரையேற்றித் தார்ப்பாய் போர்த்திவிடுவார்கள். ஏணி வைத்து ஏறி அந்தப் புழுக்கத்தில் குடித்தனம் நடத்த இயலாது. நல்ல பருவத்திலும் பிற்பகற்காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசுவதால், கோவாவுக்குப் போவது எளிது. திரும்புவது காற்றோடு மல்லுக்கட்டுதான். அண்ணாச்சிக்கு இதெல்லாம் தெரியாததன்று. ஆசை கணக்கிலிருந்து நான்கு மாதத்தைத் தள்ளிவிட்டிருந்தது.

மின்சார வண்டியில் திரும்பும்போது அவர் அதிகம் பேசவில்லை. தாணா தாண்டியதும், “வீடு இருக்கட்டும், தம்பி” என்றார். தளத்தை அறுத்துப் புதுப்பிக்கவும் கம்பிகளை மாற்றவும் 7 இலட்சம் ஆகும் என்பது மதிப்பீட்டாளர் கணக்கு. எனவே சேமநிதியிலிருந்து 7 இலட்சம் தருவதாகக் கலத்துக்காரருக்குக் கடிதம் எழுதினோம், வாசகம் என்னுடையது. இன்னும் பதில் இல்லை. சென்ற ஞாயிறும் அண்ணாச்சி அங்கே போய் வந்ததாக மதினி சொன்னார். பையில் சுத்தியல் இருந்ததாம்.