பயப்படுறது அதோட குத்தமா?

ஆடு, மாடு, கோழின்னு எழுதிட்டு இருக்கிற இடத்துல இன்னிக்கு கினி பிக் பத்தி எழுத வேண்டியதாப் போச்சு. எங்க பக்கத்துல இப்ப லீவு விட்டா போதும், பிள்ளைகளுக்கு இது ஒண்ணு வாங்கிக் கொடுக்கறது பழக்கமாயிடுச்சு. டவுன்ல கலர் மீன் விக்கிற கடையிலயே இதுவும் கிடைக்குது. வாங்கின மூணாம் நாள் எல்லாரும் ஒரே புகார்தான் சொல்றாங்க. "அண்ணே, இது சுத்த பயந்தாங்கொள்ளிங்க. கிட்ட போனாலே மூலையில ஒடுங்கிக்குது. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

பயம் அதோட குறை இல்லீங்க. பயந்ததாலதான் அந்த இனமே பிழைச்சு வந்திருக்குது.

அதோட பூர்வீகம் தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலைப்பக்கம். பெரு, பொலிவியா நாட்டு ஜனங்க பல ஆயிரம் வருஷமா கறிக்காக வீட்டுல வளர்த்தது. இன்னிக்கும் பெருவுல 'குய்'னு சொல்லி சாப்பிடுறாங்க. அதோட காட்டுச் சொந்தங்க புல்லுக்குள்ள கூட்டமா மேயும். கொம்பு கிடையாது, பெரிய நகம் கிடையாது. ஓடி ஒளியணும், இல்ல அசையாம உக்காரணும். இது ரெண்டுதான் அதுக்குத் தெரிஞ்ச தற்காப்பு. மேல இருந்து இறங்குற நம்ம கை அதுக்குப் பருந்து இறங்குற மாதிரிதான் இருக்கும்.

இது தெரியாம "எடுத்து எடுத்துக் கையில வச்சாத்தான் பழகும்"னு யோசனை சொல்றாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரம். நாலு பிள்ளைக கை மாத்தி கை மாத்தி வாங்குது. அது மடியில கல்லு மாதிரி உக்காந்திருக்குது. "பாருங்க, பழகிடுச்சு"ங்கறாங்க. பழகலைங்க, பயத்துல உறைஞ்சு போய் உக்காந்திருக்குது.

சந்தையில புது ஆடு வாங்கிட்டு வந்தா நாம என்ன பண்ணுவோம்? நாள் முழுக்கக் கட்டிப் புடிச்சுட்டா இருப்போம்? பட்டியில மத்த ஆட்டோட விட்டு, தழை போட்டு, தண்ணி வச்சுட்டு வேலையைப் பாப்போம். ஒரு வாரத்துல அதுவே கையை மோந்து பாக்க வரும். ஆட்டுக்குத் தெரிஞ்ச நியாயம் கினி பிக்குக்கு மட்டும் ஏன் மறந்து போகுது?

அடுத்தது, "ஒண்ணு போதும், ரெண்டு வாங்கினா உங்ககிட்ட ஒட்டாது"ன்னு கடையில சொல்ற பேச்சு. கூட்டத்துல வாழ்ற ஜீவனைத் தனியா அடைச்சா அது பயப்படாம என்ன செய்யும்? சுவிட்சர்லாந்துல 2008-ல இருந்து இதைத் தனியா வளர்க்கக் கூடாதுன்னே சட்டம் இருக்குது. வாங்கினா ரெண்டா வாங்குங்க. ரெண்டும் பெட்டையா இருக்கட்டும், அதையும் தெரிஞ்சவங்களை வச்சுப் பாத்து வாங்குங்க. ஜோடியா விட்டா ரெண்டு மாசம் சொச்சத்துல குட்டி போட்டுடும்.

புதுசா வளர்க்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். ரெண்டுக்கும் சேர்த்து நாலடிக்கு ரெண்டடி இடமாவது வேணும். அடியில கம்பி வேண்டாம், பாதம் புண்ணாகும். அட்டைப்பெட்டி ரெண்டு கவுத்து வைங்க, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வழி வெட்டி விடுங்க. மொத நாலஞ்சு நாள் தொடாதீங்க. தினம் ஒரே நேரத்துல பக்கத்துல தரையில உக்காந்து, மெதுவா பேசிட்டே கொத்தமல்லித் தழையை நீட்டுங்க. இன்னிக்கு வராது, நாளைக்கும் வராது. ஒரு நாள் வந்து இழுக்கும். பிற்பாடு தூக்கும்போது நெஞ்சுக்கும் பின்பக்கத்துக்கும் ரெண்டு கையும் கொடுத்துத் தூக்கணும். பிள்ளைக தரையில உக்காந்துதான் வாங்கணும், நழுவினா உயரத்துல இருந்து விழக்கூடாது.

தீனி முக்கியமா புல்லு. பல்லு ஆயுசு முழுக்க வளர்ந்துட்டே இருக்கும், புல்லை மென்னாத்தான் தேயும். நம்ம வரப்பு அருகம்புல்லே போதும். ஆனா களைக்கொல்லி அடிச்ச வரப்புன்னா வேண்டாம். பிஸ்கட், பால், சோறு எதுவும் ஆகாது. இன்னொண்ணு, வைட்டமின் சி-யை ஆடு தன் உடம்புலயே உண்டாக்கிக்கும். மனுசனுக்கும் கினி பிக்குக்கும் அது முடியாது. அதனால தினமும் கொத்தமல்லி, குடைமிளகாய், துண்டு கொய்யான்னு ஏதாவது ஒண்ணு கொஞ்சம் கொடுக்கணும். அது கிடைக்கலைன்னா மூட்டு வீங்கி, நடக்க முடியாம மூலையிலயே உக்காந்துக்கும். அதையும் நாம "பயந்தாங்கொள்ளி"ன்னுதான் சொல்லுவோம். பயத்துக்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரியாமயே அது செத்துப் போகும்.

ஒரு நாள் சாப்பிடலைன்னாலே கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும், குடல் வேலையை நிறுத்திடும். மெடிக்கல்ல கேட்டு மனுச மாத்திரையைக் கரைச்சு ஊத்தாதீங்க. நமக்குச் சாதாரணமா எழுதிக் கொடுக்கிற அமாக்சிசிலின் அதுக்கு விஷம். குடல்ல இருக்கிற நல்ல கிருமியைக் கொன்னு, ஆளையும் கொன்னுடும்.

வெயிலும் அதுக்கு ஆகாது. 30 டிகிரி தாண்டினாலே திணறும். சித்திரை மாசம் சீட்டு போட்ட வீட்டுக்குள்ள மதியம் நாமளே இருக்க முடியாது. அந்த வீட்டுல கூண்டுல வச்சுட்டு காட்டுக்கு வேலைக்குப் போனா, சாயந்திரம் வந்து பாக்கும்போது உசிரு இருக்காது.

"ஆடு கோழி அறுத்துத் திங்கிற நீங்க எலி மாதிரி ஒண்ணுக்கு இவ்வளவு பேசுறீங்களே"ன்னு ஒரு தம்பி கேட்டாரு. ஆமா தம்பி, திங்கிறேன். ஆனா நான் வளர்க்கிற ஆடு அறுக்கிற நாள் வரைக்கும் கூட்டத்தோட மேய்ஞ்சு, வயிறு நிறைஞ்சு, நிழல்ல படுத்து எந்திரிக்குது. கறிக்கு வளர்க்கிறதுக்கே இவ்வளவு செய்றோம். ஆசைக்கு வாங்கினேன்னு சொல்றது அதைவிடக் கேவலமா வாழலாமா?

அஞ்சுல இருந்து எட்டு வருஷம் இருக்கிற உசிரு இது. ஒரு லீவோட முடியற சமாச்சாரம் இல்ல. இடம், நிழல், தினம் புல்லு, பக்கத்துல இதைப் பாக்கத் தெரிஞ்ச டாக்டர், இந்த நாலும் இருந்தா வாங்குங்க. இல்லைன்னா பிள்ளைக்கு நாலு நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கிக் கொடுங்க. அதுக்கு வைத்தியம் நம்ம ஊர்ல பத்து பேருக்குத் தெரியும்.