கலந்த மருந்தை இரவில் வைக்கலாமா?

சிவகாசிக் கரிசல் மண்ணில் வெடித்தொழில் செய்து வயிறு கழுவும் எளிய தமிழனிடம் சென்று, இத்தொழிலின் தலையாய காப்பு நெறி யாது என்று கேட்டுப் பாருங்கள். அவன் எந்த நூலையும் புரட்டான். எந்த வல்லுநனையும் தேடான். "காலையில் கலந்த மருந்தை அன்றைக்கே செலுத்தி முடிக்க வேண்டும், மீந்ததை அன்றைக்கே அழித்துவிட வேண்டும், கலந்த மருந்தை இரவில் வைக்கக் கூடாது" என்று மூன்றே தொடரில் சொல்லி முடிப்பான். அலுமினியத் தூளும் வெடியுப்பும் கந்தகமும் சேர்ந்த கலவையில் ஈரம் ஏறினால், அது யாரும் தீ வைக்காமலே உள்ளுக்குள் சூடேறும். மறுநாள் காலை அறைக் கதவைத் திறப்பவன் எந்தத் தவறும் செய்யாமலே கரிந்து போவான். தந்தையைப் பறிகொடுத்தும், உடன்பிறந்தாளைப் பறிகொடுத்தும் நம் மக்கள் கற்றுக்கொண்ட பாடம் இது.

வெடியாலைக்கு உரிமம் வழங்கும் அரசும் இந்நெறியை அறியும். ஓர் அறையில் இத்தனை பேர்தாம் இருக்கலாம், அறைக்கும் அறைக்கும் இத்தனை இடைவெளி வேண்டும், மீந்த மருந்தை இவ்வாறு அழிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்திருப்பதும் அவ்வரசே. ஆயின், அதே அரசு கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் கலந்து வைத்திருக்கும் மருந்தை எத்தனை இரவுகள் வைத்திருக்கப் போகிறது? எந்த அறையில் வைக்கப் போகிறது? எந்த நாளில் அழிக்கப் போகிறது? இவ்வினாக்களுக்கு இன்றுவரை நேரிய விடையில்லை. இம்மாத ஆசிரியவுரை அவ்விடையைக் கேட்பதற்காகவே எழுதப்படுகின்றது.

விருதுநகர் மாவட்டத்தார்க்கு அணுவுலையைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். சிவகாசியிலிருந்து கூடங்குளம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுதான். காற்றுக்கு மாவட்ட எல்லை தெரியாது. அன்றியும், இவ்விரண்டு தீயும் நம் நினைவில் ஒரே திங்களில் பிணைந்துவிட்டவை. 2012 செபுதம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் வெடியாலை ஒன்று வெடித்துச் சிதறியது. உரிமம் நிறுத்தி வைக்கப்பட்ட பின்னும் அங்கே வேலை நடந்ததெனச் செய்தித்தாள்கள் எழுதின. 40 பேர் அளவில் மாண்டனர். மாண்டவர்களுள் பலர் அவ்வாலையில் வேலை செய்தவரல்லர், தீயைக் கண்டு காக்க ஓடி வந்த அக்கம்பக்கத்துச் சிற்றூரார். அதற்கு ஐந்தாம் நாள், செபுதம்பர் 10 அன்று, அணுவுலைக்கு எதிராக இடிந்தகரைக் கடற்கரையில் அமர்ந்திருந்த மக்களைக் காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியும் தடியால் அடித்தும் கடலுக்குள் விரட்டியது. மணப்பாட்டில் மீனவர் ஒருவர் துமுக்கிக் குண்டுக்கு இரையானார். அதே திங்களில்தான் கூடங்குளம் முதல் உலைக்குள் யுரேனியத்தை நிரப்ப இறுதி ஒப்புதலும் வழங்கப்பட்டது. சிறிய தீயைக் கண்காணிக்கத் தவறியதை நாடே கண்டுகொண்டிருந்த அந்த நாள்களிலேயே, பெரிய தீயைப் பற்றி வினவியவர்களுக்கு அடியும் குண்டும் கிடைத்தன.

இரண்டு தீக்கும் உள்ள வேற்றுமையை நாம் மறைக்கவில்லை. வெடியாலையில் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. நம் நாட்டு அணுவுலைகளில் அவ்வாறு கும்பல் கும்பலாக எவரும் மடியவில்லை. இதை எடுத்துக்காட்டி, "எது கொடியது?" என்று கேட்பவர் உளர். கேள்வி நேர்மையானது, விடையும் நேர்மையாகவே இருக்க வேண்டும். வெடித்தீ ஒரு நொடியில் கொன்று, ஒரு நாளில் அவிந்துவிடுகிறது. அழுது முடித்தபின் அந்த நிலத்தில் மீண்டும் கம்பு விதைக்கலாம். அணுத்தீயோ அவிந்தபின்தான் தன் கணக்கைத் தொடங்குகிறது. எரிந்த யுரேனியக் கோல்களில் சீசியம் 137 என்னும் நஞ்சு உண்டு. அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையவே 30 ஆண்டு வேண்டும். புளுட்டோனியம் 239 என்பது பாதியாக 24,000 ஆண்டுகள் வேண்டும். திருவள்ளுவர் காலத்திலிருந்து இன்றுவரை கடந்தது ஈராயிரம் ஆண்டு. அதைப்போல் பன்னிரு மடங்கு காலம் கழிந்தாலும் அந்நஞ்சில் பாதி அப்படியே இருக்கும். அவ்வளவு நெடுங்காலம் காவல் காக்கப்போகும் அரசு எது? அதன் பெயரென்ன?

முதலில் கல்பாக்கத்தைப் பார்ப்போம். அங்குள்ள முதல் மின்னுலை 1984இலும் இரண்டாவது 1986இலும் மின்வழங்கத் தொடங்கின. சில ஆண்டுகளுக்குள்ளேயே உலைகளின் உள்ளமைப்புகள் உடைந்தன. 220 மெகாவாட்டுத் திறன் 170ஆகக் குறைக்கப்பட்டது. பின்னர்ப் பழங்குழாய்களைக் கழற்றிப் புதுக்குழாய் பொருத்தி இரண்டாம் இளமை ஊட்டினர். 1999 மார்ச்சில் இரண்டாம் உலையிலிருந்து கனநீர் தொன் கணக்கில் ஒழுகியது. முதல் உலை 2018 சனவரியில் நின்று, ஆண்டுக்கணக்கில் இயங்காமலே கிடந்தது. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது கடல்நீர் நீரேற்று நிலையத்துக்குள் புகுந்தும், ஓடிக்கொண்டிருந்த உலை முறைப்படி நிறுத்தப்பட்டது. அன்று கடமை செய்த பணியாளரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், பணியாளரின் திறமை வேறு. நிறுவனத்தின் ஒழுங்கு வேறு.

அந்நிறுவன ஒழுங்கு எத்தகையது என்பதை 2003 சனவரி 21 காட்டியது. கல்பாக்கத்தில் எரிந்த கோல்களைக் கரைத்துப் பிரிக்கும் ஆலையைச் சார்ந்த கழிவுப் பகுதியில், ஓர் அடைப்பிதழ் பழுதானதால் கடுங்கதிர்க் கழிவு மென்கதிர்க் கழிவுத் தொட்டிக்குள் கலந்துவிட்டது. அதைக் காட்டிக்கொடுக்கும் கருவி அங்கே பொருத்தப்படவில்லை. வழக்கம்போல் மாதிரி எடுத்துக் கையாண்ட ஆறு பணியாளர்கள், ஆண்டு வரம்பைப் பன்மடங்கு மீறிய கதிரியக்கத்துக்கு ஆளாயினர். பணியாளர் சங்கம் கூக்குரலிட்டது. ஆயினும் செய்தி நாட்டு மக்களுக்கு முறையாகத் தெரிய அரையாண்டு ஆயிற்று. அதன்பின்தான், இந்திய அணுத்துறையில் அதுவரை நேர்ந்த கதிரியக்க ஏதங்களுள் கொடியது அதுவே என்று பொறுப்பிலிருந்தோரே ஒப்புக்கொண்டனர். இந்நேர்ச்சி உலைக்குள் நடந்ததன்று. கழிவுத் தொட்டியில் நடந்தது என்பதைப் படிப்போர் உன்ன வேண்டும். மீந்த மருந்தே கொல்லும் என்ற சிவகாசிப் பாடம் கல்பாக்கத்திலும் அப்படியே பலித்தது.

இனி, முதுமையடைந்த உலையை என்ன செய்வது? கட்டடத்தை இடிப்பதுபோல் அதை இடித்துவிட முடியாது. உலையின் எஃகும் கற்காரையும் குழாயும் யாவுமே கதிரேறிப் போனவை. அவற்றைத் தொலையியக்கக் கருவியால் அறுத்து, பிரித்து, பொதிந்து, புதைத்து, நிலத்தைத் தூய்மைப்படுத்தப் பல பத்தாண்டுகள் ஆகும். இந்தியாவில் இதுவரை எந்தப் பெரிய மின்னுலையும் முழுமையாகக் கழற்றி அகற்றப்பட்டதில்லை. 2012 ஆகத்தில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நடுவண் தலைமைக் கணக்காயர் அறிக்கை இதுபற்றிச் சொன்னதை எவரும் மறக்கலாகாது. அணுவாற்றல் ஒழுங்குமுறை வாரியம் இதற்கென ஒரு கையேட்டை வெளியிட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தும், முப்பதாண்டு இயங்கிய உலைக்கும், ஏற்கெனவே மூடிக் கிடந்த உலைக்குங்கூட, அகற்றுத் திட்டம் ஒன்று இல்லை என்றது அவ்வறிக்கை. அகற்றுச் செலவுக்காக மின்னலகு ஒன்றுக்கு 2 காசு தண்டப்படுகிறது என்றும், அத்தொகை இருபது ஆண்டுகளாகத் திருத்தப்படவேயில்லை என்றும் அது எடுத்துக் காட்டியது.

இரண்டு காசு! கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். 220 மெகாவாட்டு உலை ஒன்று ஆண்டு முழுதும் ஒரு நாழிகையும் ஓயாமல் ஓடினாலும், விளையும் மின்சாரம் 193 கோடி அலகுக்குள்தான். இரண்டு காசு வீதம் ஆண்டுக்கு 4 கோடி உருபாகூடத் தேறாது. நாற்பது ஆண்டு சேர்த்தாலும், வட்டி நீங்கலாக, 160 கோடியைத் தொடாது. பன்னூறு ஆண்டு காக்க வேண்டிய நஞ்சுக்கு ஒதுக்கிய தொகை இது. எஞ்சியதை யார் தருவார்? இன்னும் பிறவாத நம் பேரன் தருவான். அவனைக் கேட்டா கையெழுத்திட்டார்கள்?

கூடங்குளத்தின் நிலை இதனினும் வியப்பானது. 1988இல் இராசீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தமிட்டபோது, எரிந்த கோல்கள் சோவியத்து நாட்டுக்கே திருப்பியனுப்பப்படும் என்றனர். பின்னர், அவை இங்கேயே இருக்கும் என்று மாற்றினர். 2013 மே 6ஆம் நாள் தீர்ப்பளித்த உச்சநயன்மன்றம், உலைக்கு இசைவு தந்ததோடு பதினைந்து கட்டளைகளும் இட்டது. அவற்றுள் ஒன்று, எரிந்த கோல்களை உலைக்கு வெளியே வைக்கும் சேமிப்பகத்தை ஐந்தாண்டுக்குள் அமைக்க வேண்டும் என்பது. ஐந்தாண்டு 2018இல் கழிந்தது, வேலை முடியவில்லை, 2022 வரை நீட்டிப்பு வாங்கினர். அதற்கென 2019 சூலையில் அறிவிக்கப்பட்ட மக்கள் கருத்துக்கேட்பும் எதிர்ப்பு எழுந்ததும் தள்ளிவைக்கப்பட்டது. அச்சேமிப்பகமும் இடைக்காலத் திண்ணையே. நிலத்துக்கடியில் ஆழப் புதைக்கும் இறுதி இடம் இந்தியாவில் எங்குமே இல்லை. இந்நிலையில், ஓடும் இரண்டு உலைகளோடு இன்னும் நான்கை அங்கேயே எழுப்புகின்றனர். கழிப்பறை கட்டாத வீட்டுக்கு மாடிமேல் மாடி எழுப்புவோரை ஊரார் என்னென்று அழைப்பர்?

2012 நவம்பரில் ஒரு செய்தி வெளிவந்தது. கூடங்குளக் கழிவைக் கோலார்த் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கங்களில் இடலாம் என்று உச்சநயன்மன்றத்தில் சொல்லப்பட்டது. உடனே கோலார் மக்கள், கன்னடரும் தமிழரும், ஒருசேர எழுந்தனர். கருநாடக அரசும் எதிர்த்தது. சில நாள்களுக்குள் அப்படியொரு திட்டமே இல்லையென்று கைவிரித்தனர். அம்மக்களை நாம் குறை கூறவில்லை, மனமாரப் பாராட்டுகிறோம். தம் மண்ணைக் காக்க அவர்கள் செய்தது செவ்விய செயல். நம் வினா இது: கோலாரில் சில நாளில் கேட்ட காது, இடிந்தகரையில் ஆண்டுக்கணக்கில் உண்ணாநோன்பிருந்தோர் முன் ஏன் செவிடாயிற்று?

உலக நாடுகள் இதில் வென்றுவிட்டனவா என்றால், அதுவுமில்லை. அமெரிக்காவின் ஆன்போர்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து சேர்ந்த கழிவு 177 நிலத்தடித் தொட்டிகளில் கிடக்கிறது; அவற்றுள் பல ஒழுகியவை. சப்பானின் புகுசிமாவில் 2011இல் உருகிய எரிபொருட் குழம்பு ஏறத்தாழ 880 தொன் என மதிப்பிட்டுள்ளனர். பதின்மூன்று ஆண்டு முயன்று, 2024 நவம்பரில் முதன்முதலாக வெளியே எடுத்த துகள் ஒரு கிராமுக்கும் குறைவு. செல்வமும் அறிவியலும் செழித்த நாடுகளின் நிலையே இது.

இதற்கிடையில், 2025 திசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச்சட்டம் அணுமின் தொழிலுக்குள் தனியார்க்கும் வாயில் திறந்துவிட்டது. பழுதான கருவி வழங்கியவனிடம் இழப்பை மீட்கும் வகையில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த பிடியும் தளர்த்தப்பட்டது. ஊதியம் முதலாளிக்கு, கழிவு ஊராருக்கு என்னும் முறையை நம் மக்கள் வெடியாலையிலேயே கண்டு நொந்தவர்கள்.

இவையனைத்திலும் மொழியின் இடம் யாது என்று மறவாமல் கேட்க வேண்டும். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை நடுவணரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டது. பிற மொழிகளிலும் பெயர்த்துத் தருமாறு தில்லி உயர்நயன்மன்றம் சொல்ல வேண்டியிருந்தது. எந்த மக்களின் நிலத்தில் நஞ்சைப் புதைக்கிறார்களோ, அந்த மக்களின் மொழியில் அந்த நஞ்சின் பெயரைக்கூடச் சொல்லாமல் இசைவு கேட்பது, கண்ணைக் கட்டிவிட்டுக் கைநாட்டு வாங்குவதாகும். தமிழில் சொல்ல முடியாத அறிவியல் ஒன்றுமில்லை. சொல்ல விரும்பாத கமுக்கம்தான் உண்டு.

எனவே, நாம் கேட்பவை இவை. ஒன்று, கல்பாக்க உலைகளை எப்போது, எவ்வாறு, எவ்வளவு செலவில் அகற்றப் போகின்றனர் என்னும் முழுத் திட்டம் தமிழில் மக்கள்முன் வைக்கப்பட வேண்டும். இரண்டு, எரிந்த கோல்களின் இறுதி இடம் எதுவென்று முடிவாகும் வரை கூடங்குளத்தில் ஒரு புதிய உலையிலும் யுரேனியம் நிரப்பப்படலாகாது. மூன்று, அகற்றுச் செலவுத் தொகை உண்மைச் செலவுக்கேற்ப உயர்த்தப்பட்டு, அதன் கணக்கு ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். நான்கு, பணியாளர் பெறும் கதிரியக்க அளவுகளும், நேரும் ஏதங்களும் நேர்ந்த அன்றே தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். மின்சாரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கணக்குக் காட்டுங்கள் என்கிறோம்.

வெடிமருந்து அறையின் போர்மேன் மாலையில் ஒவ்வோர் அறையாகச் சென்று, மீந்தது உண்டா என்று பார்த்த பின்னரே கதவைப் பூட்டுவான். ஒரு சிற்றாலையில் அவன் கேட்கும் அதே கேள்வியை ஆளும் அரசை நோக்கி நாம் கேட்கிறோம். தமிழ் உணர்வுடையோர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில், தத்தம் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் இக்கேள்வியை எழுத்தில் கேளுங்கள். விடையையும் எழுத்தில் வாங்குங்கள். மீந்த மருந்து எங்கே? விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்!