இஎல்-41 இருந்த இடத்தில்

1940களின் கடைசியில் வந்த எட்டு பின் ரிம்லாக் வால்வுகள், சில ஆண்டுகளிலேயே ஒன்பது பின் நோவல் வால்வுகளுக்கு இடம்விட்டு ஒதுங்கிவிட்டன. அந்த இடைக்காலத்து ரேடியோ பழுதுக்கு வந்தால் அவுட்புட் வால்வுதான் முதல் தலைவலி. இஎல்-41 புதிதாகக் கிடைப்பதில்லை. அதன் பங்காளியான இஎல்-84 அப்படியல்ல: ஸ்லோவாக்கியாவில் இன்றும் செய்கிறார்கள், பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் அந்நாளில் செய்தவையும் பழைய சரக்கில் அகப்படுகின்றன. எனவே சாக்கெட்டை மாற்றி, வயரைத் திருப்பிப் போட்டு, இஎல்-84ஐ உட்கார வைப்பது வழக்கமாகிவிட்டது. அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. மாற்றத்துக்குமுன் போடுகிற கணக்கில்தான் ஆட்சேபம். நம்மில் பலர் ஹீட்டரைப் பார்த்ததோடு கணக்கை மூடிவிடுகிறோம். இரண்டுக்கும் 6.3 வோல்ட், ஒன்று 0.71 ஆம்பியர், மற்றது 0.76. வித்தியாசம் ஒன்றுமில்லை, போட்டுவிடலாம் என்பது முடிவு.

ஹீட்டர் தாங்கும், சரி. ஹெச்.டி. பக்கம் என்ன நடக்கிறது? 250 வோல்ட்டில் இஎல்-41 பிளேட்டுக்கு 36 மில்லிஆம்பியர், ஸ்கிரீனுக்கு 5.2 எடுத்துக்கொள்ளும், கேத்தோடில் 170 ஓம். இஎல்-84இன் பட்டியலில் முதலில் கண்ணில் படும் நிலையோ 48 மில்லிஆம்பியர், 5.5 மில்லிஆம்பியர், 135 ஓம். லோடும் வேறு: முன்னதற்கு 7 கிலோஓம், பின்னதற்கு 5.2. கூடுதலாகப் போகும் 12 மில்லிஆம்பியர் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் தலைமுடி அளவே பருமனான கம்பி வழியாகத்தான் போகவேண்டும். அந்த டிசி அதன் இரும்பை அப்போதே பாதி நிறைத்து வைத்துவிடுவதால் கீழ்ஸ்தாயி ஓசை கலங்கும். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறும். ரெக்டிஃபயர் வால்வு இஇசட்-40 ஆக இருந்தால் அதன் உச்ச வரம்பே 90 மில்லிஆம்பியர், அதில்தான் மற்ற வால்வுகளும் பங்கு கேட்கின்றன. வால்வு போனால் இன்னொன்று வாங்கலாம். அந்த செட்டுக்கென்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் போனால், மறுபடி சுற்றத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும். ஆகவே கரண்ட்டின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது உள்ளே வரும் வால்வு அல்ல, வெளியே எடுக்க முடியாத இரும்பு. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னதுதான்.

இதற்குப் புதிதாக ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. இஎல்-84ஐச் செய்தவர்களே தங்கள் பட்டியலில் இன்னொரு நிலையும் தந்திருக்கிறார்கள்: அதே 250 வோல்ட், கேத்தோடில் 210 ஓம், கிரிட் பயாஸ் 8.4 வோல்ட், பிளேட் 36 மில்லிஆம்பியர், ஸ்கிரீன் 4.1, லோடு 7 கிலோஓம். இஎல்-41 கேட்ட அதே லோடு, அதே பிளேட் கரண்ட். ஸ்கிரீனையும் சேர்த்தால் மொத்தம் 40.1 மில்லிஆம்பியர், பழைய வால்வு எடுத்தது 41.2. புது வால்வால் செட்டுக்குப் பாரம் துளி குறைகிறதே தவிரக் கூடவில்லை. 12 வாட் தாங்கும் பிளேட் 9 வாட்டில் ஓடுவதால் வால்வுக்கும் ஆயுசு. மாற்றவேண்டிய பாகமோ ஒரே ஒரு ரெசிஸ்டர்.

‘நாங்கள் 170 ஓமை அப்படியே விட்டுத்தான் போடுகிறோம், ஒன்றும் எரியவில்லையே’ என்று மூத்த மெக்கானிக்குகள் கேட்பார்கள். உண்மைதான், எரியாது. 170 ஓமில் மொத்த கரண்ட் ஏறத்தாழ 46 மில்லிஆம்பியரில் நிற்கும். கணிசமானதுதான், ஆனால் கொல்லும் அளவல்ல. ஆனால் பழைய செட் தனியொரு குறையோடு வருவதில்லை. 220 வோல்ட் டேப்பில் கிடக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு இன்று 240 வந்தால், ஹெச்.டி.யும் ஹீட்டரும் ஒன்பது சதவீதம் ஏறும். மெழுகு பூசிய பேப்பர் கப்ளிங் கண்டென்சரின் கசிவு அதற்குமேல். அதன் கசிவுத் தடை 100 மெகாஓம் என்றே வைத்துக்கொள்வோம். சாதாரண மல்டிமீட்டர் அதை நல்ல கண்டென்சர் என்றுதான் காட்டும். முந்தைய வால்வின் பிளேட்டில் 100 வோல்ட், கிரிட் லீக் 1 மெகாஓம் என்றால் கிரிட்டில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் பாசிட்டிவ் ஏறி நிற்கும். கசிவு 10 மெகாஓம் ஆகிவிட்டால் ஒன்பது வோல்ட். பயாஸ் முழுவதும் அதிலேயே போய்விடும். கேத்தோடு ரெசிஸ்டர் ஓரளவு இழுத்துப் பிடிக்கும், ஆனால் முழுதாக அல்ல. தனித்தனியே தாங்கக்கூடிய மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் இரும்பு தாங்காது. அந்தக் கண்டென்சரை மாற்றாமல் இஎல்-84ஐச் செருகுவது, பிரேக் பார்க்காமல் எஞ்சினை மாற்றுவது போலத்தான்.

வாடிக்கையாளர் சத்தம் கேட்கிறார், 135 ஓம் போட்டால் 5.7 வாட் கிடைக்குமே என்பது அடுத்த வாதம். 210 ஓமில் கிடைப்பது 4 வாட்டுக்குச் சற்று மேல். இரண்டுக்கும் இடைவெளி 1.3 டெசிபெல், காதை வைத்துக் கேட்டாலும் பிடிபடுவது அரிது. சத்தம் வேண்டுமென்றால் ஸ்பீக்கர் கோனின் கிழிசலை ஒட்டுவதில் இதைவிட அதிகம் கிடைக்கும்.

மறுபுறத்தில், ரேடியோவை அது பிறந்தபடியே வைக்கவேண்டும், சாக்கெட்டைத் தொடுவதே பாவம் என்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல இஎல்-41 கையில் இருக்கும்வரை அவர்கள் சொல்வது நியாயம். இல்லாதபோது அடாப்டர் செய்யலாம். ஆக்டல் வால்வானால் செத்த வால்வின் பேக்லைட் அடியைக் கழற்றி அடாப்டராக்கலாம். ரிம்லாக்கின் பின்கள் கண்ணாடியிலேயே பதிந்தவை, அந்த வித்தை இங்கே பலிக்காது, தனியாகக் கடைந்துதான் செய்யவேண்டும். செய்யும்போது கேத்தோடு வயரில் 39 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அடாப்டருக்குள்ளேயே தொடர்ச்சியில் வைத்துவிட்டால் செட்டின் 170உடன் சேர்ந்து 209 ஓம். சேசிஸில் ஒரு வயர்கூட அறுக்கவேண்டாம். பைபாஸ் கண்டென்சருக்கு வெளியே அது நிற்பதால் ஓசை சற்று குறையும், குறையட்டும். அதன் இரு முனைகளில் 1.56 வோல்ட் காட்டினால் 40 மில்லிஆம்பியர் போகிறது என்று பொருள், ஆக அளக்கவும் ஓர் இடம் கிடைத்தது. கேத்தோடு நேராக சேசிஸில் இணைந்திருந்து பயாஸ் நெகட்டிவ் லைனிலிருந்து வரும் செட்டுகளும் உண்டு. அங்கே 170 ஓமைத் தேடினால் அகப்படாது. அப்படிப்பட்ட செட்டில் அளக்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது. கிரிட் லீக்கையும் 300 கிலோஓமுக்குள் வைக்கவேண்டும்.

சாக்கெட்டையே மாற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இஎல்-84இல் 1, 6, 8 ஆகிய பின்கள் படத்தில் காலியாகத் தெரியும்; வால்வுக்குள் அவை எதனோடு சேர்ந்திருக்கும் என்பது செய்தவருக்கே வெளிச்சம். கையில் இருக்கும் ரெசிஸ்டரைக் கட்டி நிறுத்த வசதியான இடமென்று அவற்றில் சால்டர் வைக்கக்கூடாது. கிரிட் வயரில் சாக்கெட்டை ஒட்டி ஒரு கிலோஓம் வைத்தால், துடிப்பான இந்த வால்வு தன்னிச்சையாக ஊளையிடாமல் அடங்கியிருக்கும்.

யு வரிசை செட்டுகளில் பெயரே ஏமாற்றும். யுஎல்-84 என்பது இஎல்-84இன் உடன்பிறப்பல்ல. அது இஎல்-86இன் வழி வந்தது. யுஎல்-41இன் இடத்தில் அதைப் போட்டால், இரண்டுக்கும் 45 வோல்ட், 0.1 ஆம்பியர் என்பதால் ஹீட்டர் சங்கிலி நிம்மதியாக இருக்கும். பிளேட்டில்தான் 54 மில்லிஆம்பியர் போன இடத்தில் 70 போகப் பார்க்கும். யுஒய்-41 ரெக்டிஃபயரின் வரம்பு 100. அங்கேயும் கேத்தோடு ரெசிஸ்டரை உயர்த்திப் பழைய கரண்ட்டுக்கே கொண்டுவர வேண்டும். இந்த செட்டுகளில் சேசிஸே மெயின்ஸோடு இணைந்தது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மீட்டர் முனையை நீட்டுவது வேண்டாம்.

மாற்றியவர் ஒருவர், பத்து ஆண்டு கழித்து அதைத் திறப்பவர் வேறொருவர். பெட்டியின் பின்மூடி உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டலாம்: முன்பு இருந்த வால்வு, இப்போது இருப்பது, கேத்தோடு ரெசிஸ்டரின் மதிப்பு, அதன்மேல் அளந்த வோல்ட், அன்று மெயின்ஸ் எவ்வளவு, தேதி. கழற்றிய ரிம்லாக் சாக்கெட்டை ஒரு சிறு உறையில் போட்டு அதன் பக்கத்திலேயே கட்டிவிடலாம். டேக் ஸ்ட்ரிப்பில் மட்டும் எழுதவேண்டாம். வால்வுச் சூட்டில் மை இரண்டு கோடைகூடத் தாங்காது.