ஓட்டம் யாருக்குச் சொந்தம்?

ஓட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் நெஞ்சில் எழும் காட்சிகள் இரண்டே. ஒன்று, விளையாட்டரங்கில் எல்லைக் கோட்டை நோக்கிப் பாயும் வீரன். மற்றொன்று, பேருந்தைத் தவறவிட்டால் ஒருநாள் கூலி போய்விடுமே என்று விரையும் ஏழை. புகழுக்காக ஓடுபவன் ஒருவன். பிழைப்புக்காக ஓடுபவன் மற்றொருவன். இவ்விருவருக்கும் இடையே மகிழ்ச்சிக்காக ஓடும் மனிதன் ஒருவன் இருக்கலாம் என்பதை நம் சமுதாயம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஜொகூர் பாருவின் மெர்டேக்கா பூங்காவிலோ மூவாரின் தஞ்சோங் எமாஸ் ஆற்றங்கரையிலோ, நாற்பதைக் கடந்த தமிழர் ஒருவர் வியர்வை சிந்த ஓடினால், "இவருக்கு என்ன வந்தது?" என்று வினவுவோரே மிகுதி. அந்த வினாவை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கணக்கு காட்டும் உண்மை

உணர்ச்சியைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டு நடைபெற்ற தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியாவில் வளர்ந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர் என்று கூறிற்று. இந்தியரிடையே அவ்விழுக்காடு 31.4. பத்துப் பேர் கூடும் ஒரு திருமண மேசையில் மூவர் அந்நோய்க்கு இரையானோர் என்பது இதன் பொருள். அதே ஆய்வின்படி, நாட்டின் வளர்ந்தோருள் பாதிப்பேர் மிகையான உடல் எடை உடையோர்; நால்வருள் ஒருவர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்.

இவ்வெண்களை நாம் அறியாதவர் அல்லர். இன்னின்னார் வீட்டில் கால் எடுத்தாயிற்று, இன்னின்னார்க்கு வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்பு என்று பேசிக்கொண்டேதான் நாம் அடுத்த குவளைத் தேநீருக்குச் சீனியைக் கலக்கிறோம். வள்ளுவப் பெருந்தகை மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதில் மருந்தைக் காட்டிலும் உணவின் அளவைப் பற்றியே மிகுதியாகப் பேசினார். அவ்வதிகாரத்தை மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கி முடித்ததும் விருந்து மண்டபம் நோக்கி நடக்கிறோம். அன்றைய நாளின் மிக நீண்ட நடை பலர்க்கு அதுவாகத்தான் இருக்கும்!

ஓய்வே உயர்வு என்னும் மயக்கம்

"நம்மவர் சோம்பேறிகள்" என்று கூறி இதனைத் தள்ளிவிடுவோர் உளர். அது பொய்; பழியும் ஆகும். சோம்பேறிகளின் பிள்ளைகளா நாம்? ஜொகூரின் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து நின்றவர்களின் பிள்ளைகள் அல்லமோ? நெற்றி விளக்கின் ஒளியில் நிரை நிரையாக நடந்து பால்மரம் சீவி, வாளிகளைச் சுமந்து பால் கொட்டகைக்கு விரைந்த தாய்மார்களின் வயிற்றில் பிறந்தவர் அல்லமோ? அவர்கள் ஒருநாளில் நடந்த தொலைவை நம்மில் பலர் ஒரு கிழமையிலும் நடப்பதில்லை.

உண்மையான காரணம் வேறு. உடலை வருத்தி உழைத்த அத்தலைமுறை, தன் பிள்ளைகள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று கனாக் கண்டது. நாற்காலி அதற்குக் கௌரவத்தின் சின்னம் ஆயிற்று. கிராணியார் உட்கார்ந்திருந்தார், துரை உட்கார்ந்திருந்தார், நின்றவனும் நடந்தவனும் ஓடியவனும் கூலி ஆனான். எனவே, உட்காருவதே விடுதலை என்று நாம் கற்றோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயங்களை விட்டு ஸ்கூடாய்க்கும் மாசாய்க்கும் பாசிர் கூடாங்கிற்கும் கூலாய்க்கும் நாம் பெயர்ந்தோம். உழைப்பு குறைந்தது, உணவு குறையவில்லை. நிரைகளில் நடந்த கால்களுக்கு நாற்காலியும் மோட்டார் சைக்கிளும் கிடைத்தன. அவற்றோடு நோயும் கிடைத்தது.

இலண்டன் மாநகரில் ஜெரமி மோரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் 1953இல் வெளியிட்ட ஆய்வை ஈண்டு நினைவுகூர்தல் தகும். இரட்டை அடுக்குப் பேருந்துகளின் ஓட்டுநரையும் நடத்துநரையும் அவர் ஒப்பிட்டார். இருவரும் ஒரே பேருந்தில், ஒரே தெருக்களில் பணியாற்றியவர். ஆயினும் நாள்தோறும் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநரைவிட, படிகளில் ஏறி இறங்கிய நடத்துநரிடம் இதய நோய் குறைவாக இருந்தது. உட்காரும் வேலையை உயர்வென்று கருதுவோர் இந்த ஆய்வைப் பன்முறை எண்ணிப் பார்த்தல் நன்று. உட்காருவதில் இழிவில்லை, நாளெல்லாம் உட்கார்ந்தபின் எழாமல் இருப்பதில்தான் கேடு உள்ளது.

ரப்பர் நிரைகளில் ஓடிய துரைமார்

வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. பொழுதுபோக்காக ஓடுவோரின் உலகப் புகழ்பெற்ற இயக்கம் ஒன்று பிறந்தது இந்த மண்ணில்தான். 1938ஆம் ஆண்டு, கோலாலம்பூரில், கிஸ்பர்ட் என்னும் கணக்காளரும் அவர்தம் ஆங்கிலேய நண்பர்களும் 'ஹேஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' என்னும் ஓட்டக் கழகத்தைத் தொடங்கினர். ஒருவர் முன்னே ஓடிக் காகிதத் துண்டுகளைத் தூவிச் செல்வார். ஏனையோர் அத்தடத்தைத் தேடி ஓடுவர். வெற்றி தோல்வி அங்கே பொருட்டன்று. உடல்நலம் பேணுவதும், வயதானவர் தாம் எண்ணுமளவு வயதானவர் அல்லர் என்று உணர்த்துவதும் அக்கழகத்தின் நோக்கங்களுள் அடங்கும். ஓடி முடித்ததும் பீர் அருந்துவதும் ஒரு நோக்கமே! கிஸ்பர்ட் 1942இல் சிங்கப்பூரைக் காக்கும் போரில் மாண்டார். அவர் தொடங்கிய ஓட்டமோ மாளவில்லை. ஜொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் அது கிளைவிட்டது. இன்று உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கழகங்களாக விரிந்துள்ளது.

அவர்கள் ஓடிய தடங்கள் எவை? காடுகளும் ரப்பர்த் தோட்டங்களும் தாமே! காலையில் நம் முன்னோர் கத்தியும் வாளியும் ஏந்தி நடந்த அத்தகைய நிரைகளிடையே, மாலையில் துரைமார் மகிழ்ச்சிக்காக ஓடினர். ஒரே மண், ஒரே மரம். ஒருவனுக்கு அது கூலி, மற்றொருவனுக்கு அது களிப்பு. இந்த வேற்றுமையை எண்ணிச் சினம் கொள்ள நமக்கு உரிமை உண்டு. ஆனால், சினத்தோடு நின்றுவிட்டால் இழப்பு நமக்கே. அவர்கள் கப்பலேறிப் போய்விட்டனர். நிலம் இங்கேதான் இருக்கிறது. கால்கள் நம்மிடமே உள்ளன. கட்டாயத்தால் நடந்த மண்ணில் விருப்பத்தால் ஓடுவது, நாம் இன்னும் பெற்றுக்கொள்ளாத விடுதலைகளுள் ஒன்று.

வாகை சூடியவர் மட்டும் போதுமோ?

"நம்மில் ஓடியவர் இல்லையா?" என்று மார்தட்டுவோர் உளர். உண்மைதான். டாக்டர் மணி ஜெகதீசன் 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் அவர் கடந்தார். அத்தேசியச் சாதனை 2017 வரை முறியடிக்கப்படவில்லை. தாப்பாவிலிருந்து எழுந்த எம். ராஜமணி, நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை என்னும் விருதை 1966இல் முதன்முதலாகப் பெற்றார். இவர்களை நினைக்கும்போது நெஞ்சு நிமிர்வது இயல்பே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜெகதீசன் ஓடியதால் நம் இரத்தத்தில் சர்க்கரை குறையுமா? ஒருவர் உண்டால் மற்றவர் பசி ஆறுமா? வீரரைப் போற்றுவதே விளையாட்டு என்று நாம் எண்ணிவிட்டோம். பள்ளி விளையாட்டு விழாவைப் பாருங்கள். வேகமாக ஓடும் எட்டுச் சிறார் ஓடுவர். எண்பது பேர் கூடாரத்தில் அமர்ந்து கைதட்டுவர். கடைசியாக வந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிப்போம். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிள்ளை பிறகு வாழ்நாள் முழுதும் ஓடுவதே இல்லை. நோயாளியை உருவாக்கும் தொழில் அந்தக் கூடாரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்னும் பயிற்றுநர் ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கியவர். அவரே 1962இல் ஆக்லந்து நகரில் எளிய மக்களின் மெல்லோட்டக் கழகம் தோன்றவும் காரணமானார். இதய நோய் கண்டவர்களும் அதில் ஓடினர். அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன் அங்கே சென்றபோது, எழுபதைக் கடந்த ஒரு முதியவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூச்சிரைத்தார். அவர் பெற்ற பாடம் 1967இல் மெல்லோட்டம் பற்றிய நூலாக மலர்ந்தது. லிடியார்ட் அம்மக்களுக்குக் கற்பித்த இலக்கணம் மிக எளிது: உடன் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சில் வல்லவரான நமக்கு இதைவிட ஏற்ற இலக்கணம் வேண்டுமோ?

மறுப்பும் மறுமொழியும்

"ஓடினால் முழங்கால் தேயும்" என்பர் சிலர். 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இடுப்பிலும் முழங்காலிலும் மூட்டுத் தேய்வு பொழுதுபோக்காக ஓடுவோரில் 3.5 விழுக்காடு என்றும், ஓடாமல் உட்கார்ந்திருப்போரில் 10.2 விழுக்காடு என்றும் கண்டது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுவோரில் அது 13.3 விழுக்காடு. அளவோடு ஓடுபவரே நலமுடையவர் என்பதை இவ்வெண்கள் சுட்டுகின்றன.

"ஓடினால் மாரடைப்பு வரும்" என்பர் வேறு சிலர். மெல்லோட்டத்தைப் பரப்பிய அமெரிக்க எழுத்தாளர் ஜிம் ஃபிக்ஸ் 1984இல் ஓட்டத்திற்குப் பின் மாண்டதைச் சான்று காட்டுவர். அவருடைய தந்தை 43 வயதில் இதய நோயால் இறந்தவர். ஃபிக்ஸ் முற்காலத்தில் புகைபிடித்தவர். தந்தையினும் அதிகமாக வாழ்ந்து 52இல் அவர் மறைந்தார். அவர் கதை தரும் படிப்பினை, நோயுள்ளவர் மருத்துவரைக் கண்டபின் ஓடத் தொடங்க வேண்டும் என்பதே. 55,000க்கு மேற்பட்டோரைச் சராசரி 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்ட ஆய்வு ஒன்று 2014இல் வெளியாயிற்று. ஓடுவோர் இதய நோயால் இறப்பது ஏனையோரைவிட 45 விழுக்காடு குறைவு என்றும், நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓடுவதும் பயன் தரும் என்றும் அது கூறிற்று.

"நேரமில்லை" என்பது மூன்றாம் மறுப்பு. இதனை நான் எள்ளி நகையாட மாட்டேன். விடியுமுன் எழுந்து, ஜொகூர் கடற்பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிளில் ஊர்ந்து, சிங்கப்பூரில் நாளெல்லாம் உழைத்து, இருட்டியபின் வீடு திரும்பும் தொழிலாளியிடம் "ஏன் ஓடவில்லை?" என்று கேட்பவன் அறமற்றவன். ஆனால், இரவில் இரண்டு மணி நேரம் கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் ஈந்துவிட்டு நேரமில்லை என்போரிடம் அந்த வினாவை நான் கேட்டே தீருவேன்.

"பெண்கள் ஓடினால் நன்றாக இருக்காது" என்பது நான்காவது. பேசுபவர் நாணவேண்டிய மறுப்பு இது. பெண் வாளி சுமந்து நடந்தபோது யாருக்கும் நாணம் வரவில்லை. அவள் தன் நலனுக்காக ஓடும்போது மட்டும் ஊருக்கு நாணம் வந்துவிடுகிறது! வீட்டார்க்குச் சோறும் மருந்தும் வேளை தவறாமல் தருபவள், தனக்கென அரைமணி நேரம் கேட்டால் அது தன்னலம் ஆகிவிடுமோ?

இனிச் செய்ய வேண்டியது

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவு, கிழமைக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 நிமிடம் கடுமையான உழைப்பு. இதற்கு அரங்கம் வேண்டா, பதக்கம் வேண்டா, கட்டணம் கட்டி மேலாடை வாங்கும் பெருவிழா ஓட்டங்களும் இன்றியமையாதவை அல்ல. காலுக்கேற்ற காலணி ஒன்று போதும். முதல் கிழமை நடக்கலாம். அடுத்த கிழமை இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையே ஓடி, அடுத்த இரண்டுக்கு இடையே நடக்கலாம்.

ஆயினும் தனிமனிதனை மட்டும் நோக்கி விரல் நீட்டுவது நேர்மையாகாது. விளக்கெரியாத தெருவில், தெருநாய்களுக்கும் லாரிகளுக்கும் அஞ்சி ஓடுவது யாரால் ஆகும்? ஹுத்தான் பண்டார் போன்ற பூங்காக்கள் நகரத்தார்க்கு இருப்பதுபோல, தொலைவில் உள்ள வீடமைப்புப் பகுதிகளிலும் நடைபாதையும் வெளிச்சமும் அமைப்பது ஊராட்சி மன்றங்களின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நம் பிரதிநிதிகளின் கடமை. ஆலயத்திற்குக் கோபுரம் கேட்டு எழுதும் கை, தெருவுக்கு விளக்குக் கேட்டும் எழுதட்டும்.

நம் சங்கங்களுக்கும் ஒன்று சொல்வேன். ஜொகூரில் தமிழ்ப் பள்ளிகள் சுமார் எழுபது உள்ளன. அவற்றுள் பலவற்றில் திடல் உண்டு. ஞாயிறு காலை அத்திடலைத் திறந்துவிடப் பள்ளியாரைக் கேளுங்கள். பெற்றோரும் பிள்ளைகளும் தாத்தாவும் பாட்டியும் அவரவர் வேகத்தில் சுற்றிவரட்டும். பரிசு தர வேண்டா. கடைசியாக வருபவருக்கும் கைதட்டுங்கள்; அந்தக் கைதட்டல் முதல்வருக்குத் தருவதைவிட ஓங்கி ஒலிக்கட்டும். ஏனெனில், மாற வேண்டிய சமுதாயம் அந்தக் கடைசி வரிசையில்தான் மூச்சிரைக்க வந்துகொண்டிருக்கிறது.

ஓடி முடித்தவன் முகத்தை உற்றுப் பாருங்கள். கூலியும் கோப்பையும் பெறாமலே அவன் முகம் மலர்ந்திருக்கும். நம் பாட்டன்மார்க்குக் காலம் மறுத்த மகிழ்ச்சி அது. அதனை நமக்கு மறுக்க இன்று துரையும் இல்லை, கங்காணியும் இல்லை. எழுவோம், காலணி பூண்போம், விடியலில் விருப்பத்தோடு ஓடுவோம்!