அங்கீகாரம் போனா யாருக்கு அபராதம்?

மே, ஜூன் மாசம் வந்தா ஊர்லேர்ந்து போன் வர ஆரம்பிச்சுடும். பொட்டி தட்டுற வேலை, அதுவும் மைசூர்ல. அது போதும், கோவில்பட்டி பக்கத்துச் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் நாமதான் இலவச ஆலோசனை மையம். முன்னெல்லாம் "எந்த காலேஜ் நல்ல காலேஜ்?"னு கேட்பாங்க. இப்போ கேள்வி மாறிடுச்சு. "அண்ணே, வேலைக்குப் போயிட்டே ஆன்லைன்ல பி.சி.ஏ. முடிச்சுரலாம்னு சொல்றாங்க. செல்லுமா?"

கவனிச்சீங்களா? பாடம் நல்லா இருக்குமா, வாத்தியார் யாருன்னு யாரும் கேட்கிறதில்ல. ரூபா நோட்டை வெளிச்சத்துல தூக்கிப் பார்க்கிற மாதிரி "செல்லுமா?"ன்னுதான் கேள்வி. கேட்டா சிரிப்பு வரும். ஆனா மைசூர்ல குடியிருக்கிறவனுக்கு அந்தக் கேள்வியோட நியாயம் நல்லாவே புரியும்.

குக்கரஹள்ளி ஏரிப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், அங்கே மானசகங்கோத்ரி, அதாவது மைசூர் பல்கலைக்கழக வளாகம் இருக்கு. அதை ஒட்டி முக்தகங்கோத்ரி. கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கு. 1969-ல மைசூர் பல்கலைக்கழகத்தோட அஞ்சல்வழிக் கல்வி நிறுவனமா ஆரம்பிச்சு, 1996-ல தனிப் பல்கலைக்கழகமா வளர்ந்தது. மாநில அரசு சட்டம் போட்டு உருவாக்கினது. ரெண்டு ரூம் வாடகைக்கு எடுத்து போர்டு மாட்டின லெட்டர்பேடு சமாச்சாரம் இல்ல.

அப்படிப்பட்ட இடத்துலதான் 2015 ஜூன்ல இடி விழுந்தது. யு.ஜி.சி. ஒரு பொது அறிவிப்பு விட்டுச்சு. இந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2012-13 கல்வியாண்டுக்கு அப்புறம் அங்கீகாரம் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. மாநில எல்லையைத் தாண்டி ஸ்டடி சென்டர் நடத்தினது, தனியார் நிறுவனங்களோட கூட்டு சேர்ந்து படிப்பு நடத்தினது, அனுமதி இல்லாம தொழில்நுட்பப் படிப்பு சொல்லிக்கொடுத்ததுன்னு குற்றச்சாட்டுகள். ஐ.டி. படிப்புதான் அந்தக் காலத்துல சூடா வித்த சரக்கு. அதனால அடி வாங்கினதுலயும் ஐ.டி. பசங்க நிறைய.

யு.ஜி.சி. பக்கம் நியாயமே இல்லைன்னு நான் சொல்லல. விதியை மீறினா கேட்கத்தான் வேணும். ஆனா தேதியைப் பாருங்க. அறிவிப்பு வந்தது 2015 நடுவுல. அங்கீகாரம் இல்லாத காலம் 2013-14-லேர்ந்து. அதாவது 2013-ல பணம் கட்டிச் சேர்ந்து, ரெண்டு வருஷம் படிச்சு, பரீட்சையும் எழுதிட்டு நிக்கிற பையன்கிட்ட, நீ படிச்ச ரெண்டு வருஷமும் கணக்குல இல்லன்னு சொல்றாங்க. அப்புறம் மூணு வருஷம் புதுச் சேர்க்கையே இல்லை. 2018 ஆகஸ்ட்ல யு.ஜி.சி. திரும்ப அனுமதி கொடுத்தது. ஆனா அது 2018-19-லேர்ந்து, தொழில்நுட்பம் அல்லாத படிப்புகளுக்கு. பல்கலைக்கழகம் பிழைச்சுக்கிச்சு, சந்தோஷம். நடுவுல மாட்டின 2013-14, 2014-15 பசங்களுக்கு மனு, கோர்ட்டு, கோரிக்கைன்னு வருஷம் ஓடினதுதான் மிச்சம்.

இது கர்நாடகா கதை, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. 2017 நவம்பர் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. தொலைதூரக் கல்வியில இன்ஜினியரிங் பட்டம் கொடுத்த நாலு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சம்பந்தப்பட்ட வழக்கு. அந்த நாலுல ஒண்ணு நம்ம சேலத்து விநாயகா மிஷன்ஸ். முன் அனுமதி வாங்காம நடத்தின படிப்புக்குப் பின்னால கொடுத்த ஒப்புதல் செல்லாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. 2005-க்கு அப்புறம் சேர்ந்தவங்க பட்டம் ரத்து. ஆனா 2001-லேர்ந்து 2005 வரைக்கும் சேர்ந்தவங்க விஷயத்துல ஒரு வழி விட்டாங்க. பட்டத்தை நிறுத்தி வெச்சு, ஏ.ஐ.சி.டி.இ. நடத்துற பரீட்சையை எழுதச் சொன்னாங்க. பாஸ் பண்ணினா பட்டம் உன்னுது. அனுமதி கொடுத்த அதிகாரிகளைப் பத்தி சி.பி.ஐ. விசாரிக்கட்டும்னும் சொன்னாங்க.

இந்தப் பரீட்சை யோசனையை மனசுல வெச்சுக்குங்க. கடைசியில தேவைப்படும்.

இப்படி ஏதாவது நடந்தா உடனே ஒரு கோஷ்டி கிளம்பும். "சேரும்போதே செக் பண்ணியிருக்கணும் சார். படிச்ச பையன்தானே?" எனக்கு எரிச்சல் வர்றது இங்கதான். 2013-ல தருமபுரியிலயோ தேனியிலயோ உட்கார்ந்திருந்த பையன் என்ன செக் பண்ணுவான்? பல்கலைக்கழகம் இருக்கா, இருக்கு. அரசாங்கத்துதா, ஆமா. யு.ஜி.சி. அங்கீகாரம் இருந்துச்சா, போன வருஷம் வரைக்கும் இருந்துச்சு. இதுக்கு மேல பல்கலைக்கழகச் சட்டத்துல எல்லைன்னா என்ன, ஸ்டடி சென்டர் ஒப்பந்தம் விதிக்கு உட்பட்டதான்னு அவன் வக்கீல் வெச்சா பார்க்க முடியும்?

எங்க டீம்ல முன்னாடி ஒருத்தர் இருந்தார். டிப்ளமா படிச்சுட்டு இங்க ஹெப்பால் தொழிற்பேட்டையில டெஸ்க்டாப் சப்போர்ட் வேலைக்கு வந்தவர். வேலை பார்த்துக்கிட்டே வேற ஒரு மாநிலத்துப் பல்கலைக்கழகத்துல பி.எஸ்ஸி. ஐ.டி. படிச்சார். ஊர்ல மொபைல் கடைக்கு மாடியில ஸ்டடி சென்டர். புஸ்தகம் கூரியர்ல வரும். லேப்னு ஒண்ணு பேருக்குத்தான். மனுஷன் ஜாவா புஸ்தகத்தை அட்டை கிழியுற வரைக்கும் படிச்சார். கம்பெனியில யாருக்காவது கோட் ஓடலைன்னா முதல்ல அவர் சீட்டுக்குத்தான் போவாங்க. அப்புறம் வேற இடத்துல நல்ல வேலை கிடைச்சுது. மூணு ரவுண்டு இண்டர்வியூ பாஸ். கடைசியில பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல நின்னு போச்சு. பல்கலைக்கழகம் உண்மை, மார்க்‌ஷீட்டும் உண்மை, ஆனா ஸ்டடி சென்டர் எல்லைக்கு வெளியேன்னு ரிப்போர்ட். மாடியில சென்டர் நடத்தினவர் அடுத்த வருஷம் வேற பல்கலைக்கழகத்து போர்டை மாட்டிக்கிட்டார். இவர் அதே டெஸ்க்டாப் சப்போர்ட்லயே இருந்தார்.

அது தபால் காலம். இப்போ ஆன்லைன் காலத்துல நிலைமை எப்படி? மாறித்தான் இருக்கு. 2018-லயும் 2020-லயும் யு.ஜி.சி. ஆன்லைன் படிப்புக்குன்னு தனி விதிமுறை கொண்டுவந்தது. தொலைதூரக் கல்விக்கு எல்லை உண்டு, முழு ஆன்லைன் படிப்புக்கு எல்லை கிடையாது. ஃப்ரான்சைஸ் கொடுத்துப் படிப்பு நடத்தக் கூடாது. முறையா அனுமதி வாங்கின ஆன்லைன் பட்டமும் தொலைதூரப் பட்டமும் காலேஜ் போய் வாங்கின பட்டத்துக்குச் சமம்னு 2022 செப்டம்பர்ல மறுபடி தெளிவாவே சொல்லிட்டாங்க.

படிக்கிறவங்க அனுபவம் மட்டும் ரொம்ப மாறல. இங்க கூட வேலை பார்க்கிற ரெண்டு மூணு பேர் ஆன்லைன் எம்.சி.ஏ. படிக்கிறாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு மேல சாப்பிட்டுட்டு லேப்டாப்பைத் திறந்தா, வாத்தியார் வீடியோவை ஒண்ணரை வேகத்துல ஓட விட்டாத்தான் பாடம் முடியும். சனி, ஞாயிறு லைவ் கிளாஸ். எழுபது பேர் உள்ள இருப்பாங்க, மைக்கைத் திறக்க ஒருத்தர் இல்ல. அசைன்மென்ட் கடைசித் தேதியன்னைக்கு சைட் படுத்துடும். டெலிகிராம் குரூப்புல ரெடிமேட் விடை சுத்திக்கிட்டே இருக்கும். வெப்கேம் முன்னாடி பரீட்சை எழுதும்போது கண்ணு கொஞ்சம் ஜன்னல் பக்கம் போனா எச்சரிக்கை வரும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போகும்! சந்தேகம்னா பக்கத்து பெஞ்சுல கேட்க ஆள் இல்ல. இதையெல்லாம் தாண்டி முடிக்கிறவன் சோம்பேறியா இருக்க முடியாது. அதை மட்டும் ஒத்துக்கணும்.

நல்லபடியா நடத்தவும் முடியும். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பை அறிவிச்சு, 2021-ல முதல் பேட்ச் ஆரம்பிச்சாங்க. ஜே.இ.இ. தேவையில்ல, வயசு தடையில்ல. நாலு வாரம் பாடம் படிச்சு, அசைன்மென்ட் முடிச்சு, ஒரு தகுதித் தேர்வு பாஸ் பண்ணினா உள்ள போகலாம். பாடம் வீட்டுல, ஆனா முக்கியமான பரீட்சையெல்லாம் நேர்ல மையத்துக்குப் போய் எழுதணும். நடுவுல முடியலைன்னா அடிப்படைச் சான்றிதழோ டிப்ளமாவோ வாங்கிட்டு வெளியே வரலாம். உள்ளே போற கதவு அகலம், வெளியே வர்ற கதவு குறுகல். மதிப்பு அங்கேர்ந்துதான் வருது.

அப்புறம் கம்பெனிகள் பக்கம். யு.ஜி.சி. "சமம்"னு சொல்லுது. பெரிய கம்பெனிகளோட ஃப்ரெஷர் விளம்பரத்தைப் படிச்சுப் பாருங்க. "முழுநேரப் படிப்பு மட்டுமே"ன்னு ஒரு வரி அடிக்கடி கண்ணுல படும். இதே மைசூர்ல இன்ஃபோசிஸ் முன்னூத்துச் சொச்சம் ஏக்கர்ல ஒரு பயிற்சி வளாகமே வெச்சிருக்காங்க. மெக்கானிக்கல், சிவில் படிச்ச பசங்ககூட அங்க வந்து சில மாசத்துல புரோகிராமிங் கத்துக்கிட்டு ப்ராஜெக்டுக்குப் போறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா யோசிங்க. சிவில் படிச்சவனுக்குச் சில மாசத்துல ஜாவா சொல்லிக்கொடுக்க முடியும்னு நம்புற ஐ.டி. துறை, மூணு வருஷம் ராத்திரி கண் முழிச்சு ஜாவா படிச்சவனை ஏன் வாசல்லயே நிறுத்துது?

வேலையில இருந்துக்கிட்டே படிச்சா சரியா வராதுங்கிற வாதமும் எடுபடாது. பிட்ஸ் பிலானி 1979-லேர்ந்து வேலையோட சேர்ந்த பட்டப்படிப்பு நடத்துது. விப்ரோ 1995-ல அவங்களோட சேர்ந்து, பி.எஸ்ஸி. முடிச்சவங்களை வேலைக்கு எடுத்து எம்.எஸ். படிக்க வெச்சாங்க. ஆக, தனக்குத் தேவைன்னா கம்பெனிக்கு இந்த வழி பிடிக்கும். பையன் தானா படிச்சுட்டு வந்தா பிடிக்காது.

என் கட்சி இதுதான். அனுமதி விஷயத்துல பல்கலைக்கழகம் தப்பு பண்ணினா அபராதம் பல்கலைக்கழகத்துக்கு, நடவடிக்கை அதிகாரிக்கு. மாணவனுக்கு வேண்டியது பரீட்சை. எந்த ரத்தும் அறிவிச்ச தேதிக்கு அப்புறம் சேர்றவங்களுக்கு மட்டும் பொருந்தட்டும். அதுக்கு முன்னாடி சேர்ந்தவனை உட்கார வெச்சு, உச்ச நீதிமன்றம் சொன்ன மாதிரி ஒரு பொதுத் தேர்வு வைங்க. தெரிஞ்சா பட்டம், தெரியலைன்னா பணம் வாபஸ். ஐ.டி.யில இது ரொம்பச் சுலபம். ஒரு கம்ப்யூட்டரும் மூணு மணி நேரமும் போதும், யாருக்கு கோட் எழுத வரும்னு தெரிஞ்சுடும்.

அந்த நாள் வர்ற வரைக்கும் நம்ம தலையை நாமதான் காப்பாத்திக்கணும். போன்ல கேட்கிறவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான்:

1. யு.ஜி.சி.யோட தொலைதூரக் கல்வி வாரியத் தளத்துல பல்கலைக்கழகத்து பேரை மட்டும் பார்த்தாப் பத்தாது. உங்க படிப்பு, நீங்க சேர்ற வருஷம், ஆன்லைனா தொலைதூரமா, மூணும் ஒண்ணா இருக்கணும். அந்தப் பக்கத்தைத் தேதியோட பிரிண்ட் எடுத்து வெச்சுக்குங்க.

2. 2024 செப்டம்பர் சேர்க்கையிலிருந்து மாணவர் ஒவ்வொருத்தரும் டி.இ.பி. ஐ.டி. எடுக்கணும். அதை நீங்களே எடுங்க. "நாங்க பார்த்துக்கிறோம்"னு ஏஜென்ட் சொன்னா நடையைக் கட்டுங்க.

3. ஆன்லைன்ல பி.இ., பி.டெக்.னு யாராவது சொன்னா அது இந்தியாவுல அனுமதி இல்லாத சமாச்சாரம். பி.சி.ஏ., எம்.சி.ஏ. சரி.

4. ஃபீஸ் பல்கலைக்கழகத்து பேர்ல போகணும். ரசீதும் அவங்க பேர்லயே வரணும்.

5. படிக்கும்போதே நீங்க எழுதின கோடை எங்கேயாவது பொதுவுல போட்டு வைங்க. பட்டத்தை யாராவது நிறுத்தி வைக்கலாம், இதை நிறுத்த முடியாது.

பி.கு: வெளிநாடு போற ஐடியா இருக்கிறவங்க கவனிங்க. நம்ம மூணு வருஷ டிகிரியை அமெரிக்காவுல பல இடங்கள்ல அவங்க நாலு வருஷ டிகிரிக்குச் சமமா எடுத்துக்க மாட்டாங்க. ஆன்லைனோ காலேஜோ, ரெண்டுக்கும் இதே கதைதான்.