நோய் முற்றினால்தான் சர்க்கார் வருமா?

மதுரை கோரிப்பாளையத்தில் காலை நேரத்து பஸ்களிலிருந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கையில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் நாலாக மடித்த ஓ.பி. சீட்டு. தேனி, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் என்று தென் ஜில்லாக்களின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து புறப்பட்டு வந்தவர்கள் பனகல் சாலைப் பக்கம் திரும்புவார்கள். அங்கே நிற்கிறது ராஜாஜி ஆஸ்பத்திரி. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று சொன்னால்தான் ஊரில் வயதானவர்களுக்கு இன்னும் விளங்குகிறது. பணம் படைத்தவனுக்கு ஆயிரம் வாசல். இல்லாதவனுக்கு இந்த ஒரு வாசல்தான்.

இப்படிப்பட்ட சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு வரும் கிட்னி நோயாளிகளில் ஒரு பகுதியினரை நாடு அறியும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், டயாலிசிஸ் மெஷினோடு கட்டுண்டு கிடப்பவர்கள். அவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. மந்திரிமார்கள் மெஷின்களைத் திறந்து வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மெஷின் வேண்டாம் என்று எவனும் சொல்லமாட்டான். ஆனால் இன்னொரு பகுதியினர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வலி இல்லை, வீக்கம் இல்லை. ரத்தக் கொதிப்புக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை வாங்க வந்த இடத்தில், பரிசோதனைச் சீட்டைப் பார்த்து டாக்டர் சொல்கிறார்: “கிட்னியில் லேசான பாதிப்பு ஆரம்பித்திருக்கிறது. பயப்பட வேண்டாம். தண்ணீர் குடியுங்கள். உப்பைக் குறையுங்கள். வலி மாத்திரை போடாதீர்கள். வெயிலில் அலையாதீர்கள். மூன்று மாதம் கழித்து வாருங்கள்.” சரி என்று தலையாட்டிவிட்டு அந்த மனிதன் நேரே வேலைக்குப் போகிறான். அவனைப் பற்றி எழுத யாரும் இல்லை.

வியாதி என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, அதில் ஒன்று இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே தள்ளுகின்றன. வடிகட்டிகளில் ஒரு பகுதி பழுதானால் மீதி இருப்பவை அந்த வேலையையும் சேர்த்துச் சுமக்கும். ஆட்குறைப்பு செய்த மில்லில் மிஞ்சிய தொழிலாளி மற்றவன் மெஷினையும் சேர்த்து ஓட்டுவானே, அது போல! வெளியிலிருந்து பார்த்தால் மில் ஓடுகிறது. உள்ளே ஓட்டுகிறவன் தேய்ந்துகொண்டிருக்கிறான். அதனால்தான் பாதி சக்தி போகும் வரையில் கூட ரத்தத்தில் ‘கிரியேட்டினின்’ அளவு சரியாகவே இருப்பது போலத் தோன்றும். முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சிறுநீரில் கசியும் ‘ஆல்புமின்’ என்ற புரதந்தான். சிறுநீர் நுரைத்துப் போவதை வைத்துச் சிலர் கண்டுகொள்கிறார்கள். பலர் கண்டுகொள்வதில்லை.

டாக்டர்கள் இதை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். கிரியேட்டினினையும் வயதையும் வைத்து வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். 90-க்கு மேல் இருந்தும் சிறுநீரில் புரதம் போனால் முதல் கட்டம். 60-லிருந்து 89 வரை இரண்டாம் கட்டம். 60-க்குக் கீழே இறங்கினால் மூன்றாம் கட்டம். 15-க்குக் கீழே போனால் கடைசிக் கட்டம். பாதிப்பு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாட்பட்ட நோய் என்று முடிவு கட்டுவார்கள். ஆகவே, ஒரு தடவை ஒரு சீட்டில் ஒரு எண் கூடிவிட்டது என்பதற்காக, “கிட்னி போச்சு!” என்று குடும்பமே உட்கார்ந்து அழ வேண்டியதில்லை. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் மெஷின் பக்கமே போகாமல் ஆயுளைக் கழிக்கலாம். வேலை செய்யலாம், பிள்ளைகளைக் கரையேற்றலாம். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் இருக்க வேண்டும், டாக்டர் சொன்னபடி நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் டாக்டர் சொன்னபடி நடக்கிற வசதி யாரிடம் இருக்கிறது? இங்கேதான் பிரச்னையே ஆரம்பமாகிறது.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். கோரிப்பாளையம் சந்திப்பில் மேம்பாலப் பணி நடந்த நாட்களில் சித்திரை வெயிலில் கம்பி கட்டியவர்கள் எத்தனை பேர்! தார் உருகும் ரோட்டில், கைக்குச் சூடு தாங்காத கம்பியை வளைக்கிறவன் மணிக்கு ஒரு தரம் நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடித்தால் மேஸ்திரி என்ன சொல்வான்? “சம்பளம் வேலைக்கா, தண்ணி குடிக்கிறதுக்கா?” என்பான். கடையில் பத்து மணி நேரம் நிற்கும் சேல்ஸ் பெண்ணுக்கு வேறு கஷ்டம். தண்ணீர் இருக்கிறது, கக்கூஸ் இல்லை. இருந்தாலும் போக நேரமில்லை. ஆகவே அவள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. இந்தப் பெண்களுக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்பதற்கே 2021-ல் தமிழ்நாடு சட்டசபையில் ஒரு திருத்தச் சட்டம் தேவைப்பட்டது. உட்காரவே சட்டம் வேண்டியிருக்கும் நாட்டில் சிறுநீர் கழிக்க எத்தனை சட்டம் வேண்டுமோ!

வெயிலுக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள சம்பந்தம் வெறும் அனுமானம் அல்ல. தமிழ்நாட்டு டாக்டர்கள் 2023-ல் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று அதிகமானோருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை, தெரிந்த காரணம் எதுவுமே இல்லை! 2025-ல் வெளியான இந்த ஆய்வு சுட்டிக்காட்டும் முக்கியமான சந்தேகம் உடலைச் சுட்டெரிக்கும் வேலை வெப்பத்தின் மீதுதான். இலங்கையில் அனுராதபுரம் பகுதி நெல் விவசாயிகளையும், ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் ஜில்லாவின் உத்தானம் கிராமங்களையும் இப்படிப்பட்ட நோய் பல ஆண்டுகளாகத் தின்றுகொண்டிருக்கிறது. அங்கெல்லாம் தண்ணீரின் தன்மை, பூச்சிமருந்து என்று வேறு காரணங்களும் ஆராயப்படுகின்றன. முடிவு இன்னும் எட்டப்படவில்லை. ஆனால் மத்திய அமெரிக்காவின் நிகராகுவாவில், கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகு, ஒரு சர்க்கரை ஆலையில் நிழல் கூடாரம் போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், வேலை நடுவே கட்டாய ஓய்வு கொடுத்தார்கள். சிறுநீரகச் சேதம் குறைந்தது. மருந்து இல்லை, மாயம் இல்லை. நிழலும் தண்ணீரும் ஓய்வுந்தான்!

கத்தார் நாட்டில் 2021-ல் போட்ட உத்தரவின்படி, ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை மணி வரை திறந்தவெளி வேலை கூடாது. கத்தார் தொழிலாளர் சொர்க்கம் அல்ல என்பது அங்கே போய் வந்த நம் ஊர்ப் பையன்களுக்கே தெரியும். அந்த நாட்டு ஷேக்கால் முடிந்தது நம்முடைய சர்க்காரால் ஏன் முடியாது? 2024-ல் ராஜ்ய சர்க்கார் வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்தது. வெயிலில் செத்தவன் குடும்பத்துக்கு நாலு லட்ச ரூபாய் நிவாரணம் என்றது. நல்லது. சாகாமல், வருஷா வருஷம் கோடையில் கிட்னியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிகொடுக்கிறவனுக்கு என்ன நிவாரணம்?

அடுத்தது வலி மாத்திரை. மூட்டை சுமக்கிறவனுக்கு இடுப்பு வலி, தறியில் நிற்கிறவனுக்குக் கால் வலி. மெடிக்கல் ஷாப்பில் பத்து இருபது ரூபாய்க்கு ‘செட் மாத்திரை’ கட்டிக் கொடுக்கிறார்கள். அதில் டைக்ளோபினாக் போன்ற மருந்து இருந்தால் இரவு வலி தெரியாது, மறுநாள் வேலைக்குப் போகலாம். ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு அதுதான் விஷம். வெயிலில் உடம்பு வற்றிப்போன நேரத்தில் விழுங்கினால் இரட்டை விஷம். கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஒரு நாள் ஓய்வெடுத்தால் அடுப்பு எரியாது என்பதால்தான் அந்த மாத்திரை விற்கிறது. ‘கிட்னியை ஒரே மண்டலத்தில் புதிதாக்கித் தருகிறோம்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களின் பஸ்பங்களையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஈயமும் பாதரசமும் கலந்த சரக்கு எஞ்சிய கிட்னியையும் தின்றுவிடும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பு நாளுக்கு ஐந்து கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். கஞ்சிக்கு ஊறுகாயும் கருவாடும்தான் துணை என்ற வீட்டில் இதைச் சொல்வது சுலபமல்ல. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். வேர்வையில் குளிக்கும் வேலைக்காரன் எவ்வளவு குறைப்பது என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு ஆரம்பக் கட்டத்திலேயே பருப்பையும் முட்டையையும் பழத்தையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டுச் சோற்றையும் ரசத்தையும் தின்று மெலிகிறார்களே, அது தேவையற்ற கொடுமை. அந்தத் தடையெல்லாம் முற்றிய நோய்க்கு, அதுவும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொன்னால். தண்ணீர் விஷயத்திலும் அப்படியே. குடம் குடமாகக் குடித்தால் கிட்னி கழுவிச் சுத்தமாகும் என்பதும் தவறு, இப்போதே தண்ணீரை அளந்து குடிப்பதும் தவறு.

மருந்துக்கு வருவோம். முன்னே இந்த நோயின் வேகத்தைக் குறைக்க எனலாப்ரில், லோசார்டான் வகை மாத்திரைகள்தான் இருந்தன. அவை மலிவு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். இப்போது டாபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் என்று இரண்டு மாத்திரைகள் வந்திருக்கின்றன. சர்க்கரைக்காகக் கண்டுபிடித்தவை, சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிகள் பலருக்கும் நோய் முற்றுவதைத் தடுக்கின்றன என்று பெரிய ஆராய்ச்சிகள் நிரூபித்தன. ஆனால் எம்பாகிளிபுளோசின் ஒரு மாத்திரை விலை சுமார் அறுபது ரூபாய்! 2025 மார்ச்சில் அதன் பேட்டன்ட் காலாவதியானது. உடனே இந்தியக் கம்பெனிகள் பல அதே மாத்திரையைத் தயாரித்தன. விலை பத்து ரூபாய்க்கும் கீழே விழுந்தது. மாத்திரை மாறவில்லை.  மாறியது ஏகபோகம் ஒன்றுதான்! 1970-ம் ஆண்டு பேட்டன்ட் சட்டம் மருந்துப் பொருளுக்கு ஏகபோகம் கிடையாது என்று சொல்லியிருந்தது. உலக வர்த்தக ஸ்தாபனத்துக்குக் கட்டுப்பட்டு 2005-ல் அதைத் திருத்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் மாதம் 1,800 ரூபாய் கொடுக்க முடியாமல் ஆரம்பக் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டத்துக்குப் போனவர்களின் கணக்கை யார் எழுதுவது? இன்று விலை குறைந்துவிட்டது. ஆகவே, டாக்டர் எழுதிக் கொடுத்த யாருக்கும் இந்த மாத்திரை கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தட்டாமல் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் சர்க்காருக்குச் சங்கடம் ஒன்றுமில்லை.

இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். மத்திய சர்க்கார், ராஜ்ய சர்க்கார் அட்டைகளில் ஐந்து லட்சம் என்று போட்டிருக்கிறது. அது படுக்கையில் படுத்தவனுக்கு. டயாலிசிஸ் செய்தால் அட்டை பேசும். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பேசும். முதல் கட்டத்தில் இருப்பவன் பரிசோதனைக்கும் பஸ்ஸுக்கும் செலவழித்து, அரை நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கும்போது அட்டை ஊமையாகிவிடுகிறது. தனியார் ஆஸ்பத்திரிக்குப் பணம் போகும் கட்டம் எது என்று பார்த்தால் அட்டை எப்போது பேசுகிறது என்பது புரியும்.

ராஜ்ய சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நியாயமாகாது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2023-லிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் பார்க்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஒரு காகிதப் பட்டையைச் சிறுநீரில் தோய்த்தால் நிறம் மாறும், செலவு சில ரூபாய்தான். இந்த மாத்திரைகளை வீடு வீடாகச் சுமக்கும் பெண்களுக்கு முறையான சம்பளம் கூடக் கிடையாது, ஊக்கத்தொகை என்று ஏதோ கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மத்திய சர்க்காரின் பங்கை மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோப்பூரில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2021 தேர்தலில் ஒரே ஒரு செங்கல் ஊர் ஊராகச் சுற்றி வந்தது. கட்டட வேலை உருப்படியாக ஆரம்பிக்க 2024 ஆயிற்று.

2025 நவம்பர் 21-ல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. பாடுபட்டுப் பெற்ற பழைய சட்டங்களைக் கரைத்துவிட்டு வந்த அந்தத் தொகுப்புகளை யூனியன்கள் எதிர்க்கின்றன, எதிர்ப்பது சரியே. அவற்றை விளம்பரம் செய்தபோது, நாற்பது வயது கடந்த தொழிலாளருக்கு வருஷம் ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்று சொன்னார்கள். சரி, சொன்னதைச் செய்யட்டும். அந்தப் பரிசோதனையில் என்ன இருக்கும்? எடை பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவதா? சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின், கூடவே ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும். இந்த நாலும் இருந்தே ஆக வேண்டும். நாற்பது வயது என்ற கணக்கும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் ரோட்டு வேலையிலும் இருப்பவர்களுக்குப் பொருந்தாது, அங்கே முப்பதிலேயே பார்க்க வேண்டும். முடிவுச் சீட்டு தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும், முதலாளியின் பைலில் அல்ல. இல்லாவிட்டால், “உனக்குக் கிட்னி கோளாறு, நாளை முதல் வராதே” என்று சொல்ல அதுவே ஆயுதமாகிவிடும். பரிசோதனை நாளுக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளுக்கும் கூலி பிடிக்கக் கூடாது. கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பணம் இருக்கிறது, கூலி இழப்பை அதிலிருந்து கொடுக்கலாம். சுமைப்பணிச் சங்கமும் கட்டடச் சங்கமும் கடைச் சிப்பந்திகள் சங்கமும் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதட்டும். வேலைத்தலத்தில் தண்ணீர், நிழல், கக்கூஸ், கோடையில் நண்பகல் மூன்று மணி நேரம் சம்பளத்தோடு ஓய்வு. பங்குனி பிறப்பதற்குள் மனு லேபர் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். சித்திரையில் கொடுத்தால் அது ஐப்பசி மழையில்தான் மேஜைக்கு வரும்.